ஒரு குரல் உருவாவதைக் கேட்பது: பாபி ப்ளாண்டின் ட்யூக் பதிவுகள்

அமெரிக்க ப்ளூஸ் பாடகர் பாபி ‘ப்ளூ’ ப்ளாண்டை இன்று கேட்கத் தொடங்குபவர்களில் பலர் அவரது 1974ஆம் ஆண்டுப் பாடலான ‘ஐன்ட் நோ லவ் இன் த ஹார்ட் ஆஃப் த சிட்டி’யின் வழியாகவே அவரிடம் வருகிறார்கள். அது நல்ல பாடல்தான். ஆனால் அந்தப் பாடலில் கேட்கும் அமைதியும் தன்னம்பிக்கையும் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொள்ள விரும்புபவர் 1951 முதல் 1962 வரை அவர் பதிவு செய்தவற்றுக்குப் போக வேண்டும். அந்தப் பதிவுகளோடு பல ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். அவற்றைக் கேட்கும் முறையில் எனக்குப் பயன்பட்டவற்றை, இந்தக் குரலைப் புதிதாக அணுகும் ஒருவருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ப்ளாண்டின் புகழ்பெற்ற பாடல்கள் ஏராளமான தொகுப்புகளில் கிடைக்கின்றன. பெரும்பாலான தொகுப்புகள் அவற்றைக் கால ஒழுங்கின்றிக் கலந்து தருகின்றன. அப்படிக் கேட்டால் பிறவியிலேயே முழுமையாக வாய்த்த ஒரு குரலைக் கேட்பதாகத்தான் தோன்றும். வெளிவந்த ஆண்டின்படி அடுக்கிக் கேட்கும்போதோ, ஓர் இளைஞன் பிறரைப் போலப் பாட முயன்று, கையிலிருந்த ஒன்றை இழந்து, வேறொன்றைத் தேடிக் கண்டடைந்து, இறுதியில் வேறு எவரும் பாட முடியாத வகையில் பாடுவதைக் காதால் பின்தொடரலாம். இணையத்தில் பாடல் கேட்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே பாடலுக்கு எதிரே காட்டப்படும் ஆண்டு பல நேரங்களில் மறுவெளியீட்டின் ஆண்டாகவே இருக்கும். எம்சிஏ நிறுவனம் 1992இல் தொடங்கி மூன்று இரட்டைக் குறுந்தகடுகளாக வெளியிட்ட, ட்யூக் என்ற நிறுவனத்துக்காக அவர் பாடியவற்றின் தொகுப்பு வரிசை இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது. அது கைக்குக் கிடைக்காவிட்டாலும் அதன் பாடல் பட்டியலைப் பார்த்து நமக்கான வரிசையை நாமே அமைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் செய்தேன். அதன் பிறகே இந்தப் பாடகர் எனக்குப் பிடிபட்டார்.

ப்ளாண்ட் 1930 ஜனவரி 27 அன்று டென்னசி மாநிலத்தில், மெம்ஃபிஸுக்கு வடக்கே உள்ள சிற்றூர்ப் பகுதியில் பிறந்தார். பருத்தி வயல் வேலைக்காகச் சிறு வயதிலேயே பள்ளியை விட்டவர். எழுதப் படிக்கச் சரிவரக் கற்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசிவரை எந்த இசைக்கருவியும் வாசிக்கவில்லை. நாற்பதுகளின் பிற்பகுதியில் தாயுடன் மெம்ஃபிஸுக்கு வந்து, தேவாலயப் பாடல்கள் பாடும் குழுவில் சேர்ந்தார். பீல் தெருவில் இருந்த பேலஸ் அரங்கின் புதியவர் மேடைகளிலும் பாடினார். பி. பி. கிங், ஜானி ஏஸ், ராஸ்கோ கார்டன் ஆகியோர் அப்போது அவரைச் சுற்றி இருந்தார்கள். அவர்கள் மூவரும் கருவி வாசிப்பவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், குரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்ற ப்ளாண்டின் நிலை விளங்கும்.

1951, 1952ஆம் ஆண்டுகளில் செஸ், மாடர்ன் ஆகிய நிறுவனங்களுக்காக அவர் பாடியவை இன்று அதிகம் கேட்கப்படுவதில்லை. புதியவர்கள் அவற்றைத் தவிர்த்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. செஸ் வெளியிட்ட ‘எ லெட்டர் ஃப்ரம் எ ட்ரெஞ்ச் இன் கொரியா’ என்ற பாடலில் குரல் தன் எல்லைக்கு மேலே இழுக்கப்படுகிறது. உச்சத்தில் அது கத்துகிறது, வரிகளின் முடிவில் மூச்சு போதாமல் தேய்கிறது. திறமை இருப்பது தெரிகிறது. ஆனால் அதற்கு இன்னும் ஒரு முகம் அமையவில்லை. இந்தப் பதிவுகளைக் காதில் வாங்கி வைத்திருப்பவருக்கே பின்னால் வரும் ஒவ்வொரு மாற்றத்தின் மதிப்பும் புரியும்.

1952இல் மெம்ஃபிஸில் டபிள்யூடிஐஏ வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளரான டேவிட் ஜேம்ஸ் மேட்டிஸ் ட்யூக் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் தொடக்கக் கால ஒலிப்பதிவு ஒன்றில் ப்ளாண்ட் பாடல் வரிகளைக் கற்றுக்கொண்டு வர முடியாமல் போகவே, அவருக்குப் பதிலாக ஜானி ஏஸ் பாடினார் என்று மேட்டிஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். அப்போது உருவான ‘மை சாங்’ ஏஸைப் பெரும் புகழுக்குக் கொண்டு சென்றது. அந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம், எழுத்தறிவு மறுக்கப்பட்ட ஒருவனின் கைநழுவிய வாய்ப்பு எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அந்த வலியை மனத்தில் வைத்துக்கொண்டே அடுத்த பதிவுகளைக் கேட்கிறேன். அதற்குப் பின் ப்ளாண்ட் ராணுவப் பணிக்கு அழைக்கப்பட்டார். ஐம்பதுகளின் நடுவில் அவர் திரும்பியபோது ட்யூக் நிறுவனம் ஹூஸ்டனைச் சேர்ந்த டான் ராபியின் கைக்குப் போயிருந்தது; ஜானி ஏஸ் 1954 கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்துபோயிருந்தார்.

ஹூஸ்டனில் அவர் பதிவு செய்தவற்றில் 1955இல் வந்த ‘இட்ஸ் மை லைஃப், பேபி’ ஒரு திருப்பம். ராய் கெய்ன்ஸ் வாசித்த கிட்டார் கூர்மையாக முன்னே பாய, குரல் அதோடு போட்டியிட்டுக்கொண்டு வருகிறது. 1957இல் ‘ஃபார்தர் அப் த ரோட்’ ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. இந்தக் காலத்துப் பாடல்கள் விறுவிறுப்பானவை. டெக்சாஸ் கிட்டார் இசையை விரும்புபவர்களுக்கு இவையே போதும் என்று தோன்றலாம். என் காதுக்கு இவை இன்னும் முன்னுரைதான். கிட்டாருக்கும் குரலுக்கும் நடுவே இங்கே இடைவெளி இல்லை.

அந்த இடைவெளியை உருவாக்கியவர் ஜோ ஸ்காட். டிரம்பெட் கலைஞரான அவர் ராபியின் நிறுவனத்தில் இசைக்கோர்ப்பாளராக இருந்தார். ப்ளாண்டுக்குப் பாடல்களை வரி வரியாக வாயால் சொல்லிக்கொடுத்து, எந்தச் சொல்லில் நிற்பது, எதை அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது என்று பயிற்றுவித்தவர் அவர். தன் உருவாக்கத்தில் ஸ்காட்டின் பங்கு எவ்வளவு பெரியது என்பதை ப்ளாண்ட் பேட்டிகளில் மனமுவந்து சொல்லியிருக்கிறார். கேள்வி ஞானத்தால் மட்டுமே கற்ற ஒரு பாடகருக்கு, காதுக்கு முன்னால் பொறுமையாகப் பாடிக் காட்டும் ஓர் ஆசிரியர் கிடைத்தார். இந்தப் பதிவுகளின் பெருமையை ப்ளாண்டுக்கு மட்டும் தருவது நியாயமாகாது.

ஆகவே நான் பழகிக்கொண்ட கேட்கும் முறை இது: ஒவ்வொரு பாடலையும் அடுத்தடுத்து இருமுறை கேட்பேன். முதல் முறை குரலோடு போவேன். இரண்டாம் முறை, பிடிவாதமாகக் குரலை விட்டுவிட்டு, டிரம்பெட்டுகளும் சாக்ஸஃபோன்களும் எப்போது நுழைகின்றன, எப்போது வாய்மூடி நிற்கின்றன என்பதை மட்டும் பார்ப்பேன். ஸ்காட்டின் கோர்வைகளில் ஊதுகருவிகள் பாடகரின் வரிக்கு மேல் ஏறுவது அரிது. அவர் ஒரு வரியை முடித்த பிறகே பதில் சொல்லும், அல்லது அவர் சொல்லப் போவதற்கு முன்பு வழி திறந்துவிடும். இதை ஒருமுறை பிடித்துக்கொண்டால், ப்ளாண்ட் ஏன் அவ்வளவு தாழ்ந்த குரலில் பாடியும் தெளிவாகக் கேட்கிறார் என்பதற்கு விடை கிடைத்துவிடும்.

1958இல் வந்த ‘லிட்டில் பாய் ப்ளூ’ பாடலுக்கு ஒரு தனி மாலையை ஒதுக்கலாம். இளமையில் அவரிடம் இருந்த, உச்சத்தில் மெலிந்து ஒலிக்கும் கள்ளக்குரல் (ஃபால்செட்டோ) அதற்குள் அவரை விட்டுப் போய்விட்டது. அந்த இழப்பை ஈடுசெய்ய அவர் தேடிப் போனது ஒரு போதகரின் சொற்பொழிவை. பாடகி அரீதா ஃப்ராங்க்ளினின் தந்தையும் டெட்ராய்ட் நியூ பெத்தேல் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகருமான சி. எல். ஃப்ராங்க்ளின், தன் பிரசங்கங்களை இசைத்தட்டுகளாக வெளியிட்டு வந்தார். அவற்றில் 1953இல் பதிவான ‘த ஈகிள் ஸ்டிரத் ஹர் நெஸ்ட்’ மிகவும் புகழ்பெற்றது. பேச்சாகத் தொடங்கும் அந்தப் பிரசங்கம் மெல்ல மெல்ல ராகம் பெற்று, உச்சத்தில் தொண்டையை உரசிக்கொண்டு எழும் ஒரு கரகரத்த முழக்கமாக மாறுகிறது. ப்ளாண்ட் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த முழக்கத்தைத் தன் பாட்டுக்குள் கொண்டுவந்தார். தொண்டைக்குள் நீர் கொப்புளிப்பது போன்ற அந்த உறுமல்தான் பின்னர் அவரது அடையாளமாகவே ஆனது.

பிரசங்கத்தை முழுமையாகக் கேட்டுவிட்டு, இடையில் வேறு எதையும் கேட்காமல், உடனே ‘லிட்டில் பாய் ப்ளூ’வைக் கேளுங்கள். நான் பிறருக்குப் பரிந்துரைத்தவற்றில் இந்தப் பயிற்சி அளவுக்குப் பலன் தந்தது வேறு இல்லை. ஆங்கிலப் பிரசங்கம் முழுவதும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. குரல் எந்த இடத்தில் பேச்சை விட்டுப் பாட்டுக்குள் கால் வைக்கிறது என்பதைக் கவனித்தால் போதும். பிறகு ப்ளாண்டின் பாடலில், இறுதிப் பகுதியில் அவர் அந்த உறுமலை எப்படி அளந்து அளந்து விடுகிறார் என்று பாருங்கள். போதகர் சபையை எழுப்புவதற்கு உச்சத்துக்குப் போகிறார். பாடகரோ அதே ஒலியைத் தன்னைக் கைவிட்ட ஒருத்தியின் நினைவில் உடைந்துபோவதற்குப் பயன்படுத்துகிறார். தேவாலயத்தின் ஒலி உலகியல் துயரத்துக்குள் வந்து குடியேறும் இந்த இடத்தையே நான் சோல் இசையின் பிறப்பிடங்களில் ஒன்றாகக் கருதுகிறேன்.

உறுமல் கிடைத்ததும் எல்லா இடத்திலும் அதையே காட்டும் சபலம் எந்தப் பாடகருக்கும் வரும். ப்ளாண்டைக் காப்பாற்றியது அவருடைய மற்றொரு ஆதர்சமான பாடகர் நாட் கிங் கோல். சொற்களைத் தெளிவாக, அவசரமின்றி, பட்டுத்துணியை மடித்து வைப்பது போல வைக்கும் பாணியை அவர் கோலிடமிருந்து எடுத்துக்கொண்டார். 1959இல் வெளிவந்த ‘ஐ’ல் டேக் கேர் ஆஃப் யூ’ இதன் உச்சம். ப்ரூக் பென்டன் எழுதிய அந்தப் பாடலில் ஆர்கன் தாழ்வாக ஒலித்துக்கொண்டிருக்க, ப்ளாண்ட் ஏறக்குறைய பேசுகிறார். காயப்பட்ட ஒருத்தியிடம் அதே காயத்தை அறிந்தவன் தரும் உறுதிமொழி அது. உரக்கச் சொன்னால் அந்த உறுதிமொழி பொய்யாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் குறைந்த ஒலியளவில், வேறு வேலை எதுவும் செய்யாமல் கேட்க வேண்டும். பயணத்தில் இரைச்சலுக்கு நடுவே கேட்டால் இதில் ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். அப்படிக் கேட்டுவிட்டு இதை ஒதுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

1961இல் வெளிவந்த ‘டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த ப்ளூஸ்’ என்ற நீள்தட்டு இந்தக் காலத்தின் மகுடம். பன்னிரண்டு பாடல்கள், சுமார் அரை மணி நேரம். ஒரே அமர்வில் முளைத்தது போன்ற ஒருமை இதற்கு இருந்தாலும், இதிலுள்ள பாடல்களில் பல, 1957 முதல் சில ஆண்டுகளில் தனித்தனி இசைத்தட்டுகளாக வந்தவை. முன் சொன்ன ‘லிட்டில் பாய் ப்ளூ’வும் ‘ஐ’ல் டேக் கேர் ஆஃப் யூ’வும் இதில் இருக்கின்றன. எனவே தட்டை அதன் சொந்த வரிசையில் ஒருமுறையும், பாடல்கள் வெளிவந்த ஆண்டு வரிசையில் இன்னொரு முறையும் கேட்பது நல்லது. 1957ஆம் ஆண்டின் ‘ஐ டோன்ட் வான்ட் நோ வுமன்’ பாடலில் கிட்டாரோடு முட்டிக்கொண்டு நிற்கும் இளைஞனுக்கும், ‘லீட் மீ ஆன்’ பாடலில் தனிமையை ஏறக்குறைய ஜெபமாகவே சொல்லும் மனிதனுக்கும் இடையே மூன்றே ஆண்டுகள்.

‘ஐ பிட்டி த ஃபூல்’ இதே தட்டில் உள்ளது. 1961இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றது. பாடத் தொடங்கும்போது அவரிடம் பெருந்தன்மை இருக்கிறது: உன்னை நம்பும் முட்டாளுக்காக இரங்குகிறேன் என்கிறார். பாடல் நகர நகர, அந்த முட்டாள் வேறு யாருமல்லர், பாடுபவர்தான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. தன்னை ஊரே நின்று வேடிக்கை பார்க்கிறது என்று அவர் வெடிக்கும் இடத்தில் ஊதுகருவிகள் ஒன்றாக ஓங்கி விழுகின்றன. அதுவரை அவை எவ்வளவு பொறுத்திருந்தன என்பதைக் கவனித்தவருக்கே அந்த ஓங்கலின் முழு வலியும் கிட்டும். இரண்டாம் முறை கேட்பது எதற்கு என்று ஐயம் இருப்பவர்கள் இந்தப் பாடலில் சோதித்துப் பார்க்கலாம்.

அதே ஆண்டின் இறுதியில் வந்த ‘டர்ன் ஆன் யுவர் லவ் லைட்’ இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. தேவாலயக் கொண்டாட்டத்தின் வேகம் இதில் இருக்கிறது. பொதுவான பாப் பட்டியலிலும் 28ஆம் இடம்வரை சென்றது. நடுவில் மற்றக் கருவிகள் விலகி, டிரம்ஸும் குரலும் மட்டும் எஞ்சும் ஒரு பகுதி வருகிறது. டிரம்ஸ் வாசித்தவர் ஜபோ ஸ்டார்க்ஸ். பின்னர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் சேர்ந்து ஃபங்க் இசையின் தாளத்தை வடித்தவர்களில் ஒருவர். அவரது பிற்காலப் பதிவுகளை அறிந்தவர்கள் இந்தச் சில விநாடிகளை அவசியம் கேட்க வேண்டும்.

1962ஆம் ஆண்டின் ‘ஸ்டார்மி மன்டே’யை ஒப்பீட்டோடு கேட்பது சிறந்தது. ப்ளூஸ் கிட்டார் கலைஞர் டி-போன் வாக்கரின் 1947ஆம் ஆண்டு மூலப் பதிவை முதலில் கேளுங்கள். பிறகு ப்ளாண்டின் பதிவு. பிறகு ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழு ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் வாசித்து 1971இல் வெளியிட்டது. மூன்றாவது, இரண்டாவதன் பிள்ளை என்பது உடனே தெரியும். காரணம் ப்ளாண்டின் பதிவில் வேய்ன் பென்னட் வாசித்த கிட்டார். வாக்கரைத் தன் முன்மாதிரியாகக் கொண்டவர் பென்னட். ஆயினும் இந்தப் பாடலில் வழக்கமான பன்னிரண்டு பார் அமைப்புக்குள் அவர் இடையிடையே சேர்த்த கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) பிற்காலக் கிட்டார் கலைஞர்களுக்குப் பாடமாகிவிட்டன. ஊதுகருவிகளின் ஆர்ப்பாட்டம் இல்லாததால், குரலுக்கும் கிட்டாருக்கும் இடையிலான உரையாடல் முழுமையாகத் துலங்குகிறது. 1955இன் ‘இட்ஸ் மை லைஃப், பேபி’யோடு இதை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: அங்கே போட்டி, இங்கே ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் மரியாதை.

பாடல் எழுதியவர்களின் பெயர்களைப் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ட்யூக் பதிவுகளில் டெட்ரிக் மலோன் என்ற பெயர் அடிக்கடி வரும். அது டான் ராபி தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர். ஜோ மெட்விக் போன்ற பாடலாசிரியர்கள் உடனடிப் பணத் தேவைக்காகச் சிறு தொகைக்குத் தங்கள் பாடல்களை ராபிக்கு விற்றார்கள். ‘டூ ஸ்டெப்ஸ் ஃப்ரம் த ப்ளூஸ்’ என்ற தலைப்புப் பாடலை உண்மையில் எழுதியவர் டெக்சாஸ் ஜானி பிரவுன் என்ற கிட்டார் கலைஞர். ப்ளாண்டுக்குக் கிடைத்த ஒப்பந்தமும், அன்று வழக்கில் இருந்த இரண்டு சென்ட்டுக்குப் பதிலாக இசைத்தட்டு ஒன்றுக்கு அரை சென்ட் தருவதாகவே இருந்தது என்று சொல்லப்படுகிறது. படிக்கத் தெரியாத ஒருவரிடம் நீட்டப்பட்ட காகிதம் அது. எனவே எழுதியவர் பெயரில் மலோனைப் பார்க்கும்போது அங்கேயே நின்றுவிடாமல் சற்றுத் தேடிப் பார்ப்பது, இந்த இசையை நேசிப்பவர்கள் அந்தக் கலைஞர்களுக்குச் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன் என்று நினைக்கிறேன்.

தமிழ்க் காதுக்கு அமெரிக்காவின் தென் மாநிலக் கறுப்பின மக்களின் ஆங்கில உச்சரிப்பு தொடக்கத்தில் பிடிபடாமல் இருக்கலாம். இந்த விஷயத்தில் ப்ளாண்ட் மற்றப் பல ப்ளூஸ் பாடகர்களைவிட நமக்கு எளியவர். கோலிடம் கற்ற தெளிவு உதவுகிறது. ஆயத்தமாகக் கிடைக்கும் பாடல் வரிகளைப் படிப்பதற்கு முன், கேட்டதைக் கையால் எழுதிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். எழுத முயலும்போதுதான், எந்தச் சொல்லை அவர் நீட்டுகிறார், எதை விழுங்குகிறார், எந்த வரியைத் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி எடுக்கிறார் என்பன தெரிய வருகின்றன. விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. ஐம்பதுகளின் பதிவுகள் மோனோ ஒலியில் அமைந்தவை. ஒரே ஒரு நல்ல ஒலிபெருக்கி போதும். தாழ்ந்த ஓசையைச் செயற்கையாகக் கூட்டும் அமைப்புகளை மட்டும் அணைத்துவிடுங்கள். அவை ஆர்கனையும் குரலையும் ஒன்றாக்கி மங்கச் செய்துவிடும்.

இந்தப் பதினோரு ஆண்டுகளைக் கேட்டு முடித்தவர்கள் 1963இன் ‘தட்ஸ் த வே லவ் இஸ்’, 1964இன் ‘ஐன்ட் நத்திங் யூ கேன் டூ’ என்று மேலே போகலாம். ஸ்காட்டின் கை அவற்றிலும் உறுதியாக இருக்கிறது. 1968இல் ஸ்காட் பிரிந்து சென்றார், குழு கலைந்தது, ப்ளாண்ட் சில ஆண்டுகள் குடியில் தடுமாறி, பிறகு மீண்டார். 1973இல் ராபி நிறுவனத்தை ஏபிசி டன்ஹில்லுக்கு விற்றதும் கலிஃபோர்னியாவில் புதிய பதிவுகள் தொடங்கின. முதலில் குறிப்பிட்ட 1974ஆம் ஆண்டுப் பாடல் அங்கே பிறந்தது. அதில் ஸ்காட் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பாடகர் அவசரப்படாமல் நின்று கருவிகளுக்கு வழிவிடுகிறார். ஹூஸ்டனில் அவரிடம் கற்ற பாடம் அது.